எறும்புக்கும் தீங்கு நினையாத கேணல்

கனடாவில், டோர்செட் பார்க் பக்கத்துத் தமிழர்கள் சாவுக்கு அவ்வளவாகப் பயப்படாததற்குப் புனிதவதியும் ஒரு காரணம். உயிரோடு இருந்த காலத்தில் ஊரோடு வழக்குப் பேசித் திரிந்தவராக இருக்கட்டும், கட்டின மனைவிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவராக இருக்கட்டும், புனிதவதியின் பேனாவில் விழுந்தால் போதும், ஆள் உத்தமராக எழும்பிவிடுவார். கல்வெட்டு எழுதுவதில் அவரை அடிக்க ஸ்காபரோவில் ஆள் இல்லை. கல்வெட்டு என்றதும் கல்லில் வெட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தார் வழக்கத்தில் அது ஒரு சின்னப் புத்தகம். அட்டையில் போனவரின் படம், உள்ளே திதி வெண்பா, தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசிப் பக்கத்தில் வம்சாவளி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து வெளிக்கிடும்போது ஆளுக்கொன்று கையில் கொடுப்பார்கள்.

புனிதவதியிடம் சில வசனங்கள் எப்போதும் தயாராக இருக்கும். வந்தாரை இன்முகத்தோடு வரவேற்றவர். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாதவர். எறும்புக்கும் தீங்கு நினையாதவர். கடைசி வசனம் அவருக்கு மிகவும் பிடித்தது, அது இல்லாமல் ஒரு கல்வெட்டும் அச்சுக்குப் போனதில்லை. இறைச்சிக்கடை வைத்திருந்த ஒருவருக்கும் அதையே போட்டார். இது சரிவருமா என்று யாரோ இழுத்தபோது, "ஏன், அவர் எறும்பையே வெட்டினவர்?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

அவர் எழுதுவதை எல்லாம் அச்சுக்கு முன் திருத்துவது கணவர் இரத்தினவேல். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் முதுகு பிடித்து வேலையை விட்டு வீட்டோடு வந்த மனிதர். அச்சகத்திலிருந்து புறூவ், அதாவது பிழை பார்க்கும் முதற்படி, வந்தால் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து சத்தமாக வாசிப்பார். புனிதவதி எதிரே கையெழுத்துப் பிரதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு புள்ளி விடுபட்டாலும் இரத்தினவேலுக்குப் பொறுக்காது. "பாவம், மனுசன் திரும்பவும் சாகப்போறாரே திருத்தி அடிக்கிறதுக்கு?" என்பார்.

அவருக்கு இடது காது கேட்காது. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவுக்குள் விழுந்த ஷெல் அந்தக் காதைக் கொண்டுபோனது. காது மட்டும் போயிருந்தால் அவர் அதைச் சொல்லிச் சிரித்திருப்பார். தங்கை யோகமலரும் அன்றைக்கே போனாள். அவளுக்குப் பதினெட்டு வயது. அடுத்த கிழமை ஊரே இடம்பெயர்ந்தது. அச்சடிக்கக் கடதாசியும் இல்லை, கொடுக்க ஆட்களும் இல்லை. யார் யாருக்கோ கல்வெட்டுத் திருத்துகிறவரின் வீட்டில் யோகமலருக்கு ஒரு கல்வெட்டு இல்லை. கலியாணமான புதிதில் புனிதவதி ஒருமுறை, "மலருக்கு ஒண்டு எழுதட்டே?" என்று கேட்டார். "பதினெட்டு வயசில என்ன வரலாறு? ரெண்டு வரி வராது" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை யாரும் எடுக்கவில்லை. தொலைக்காட்சிச் செய்தியில் பீரங்கியைச் சொல்லும் ஆட்லறி என்ற சொல் வந்தாலே இரத்தினவேல் வேறு சனலுக்கு மாற்றிவிடுவார்.

அதே மாடிக் கட்டடத்தில் எதிர் வீட்டில் இருந்தவர் ஸ்டெபனி பெல்லமி. தொண்ணூற்றிரண்டு வயது, கலியாணம் கட்டாதவர், தொலைபேசிக் கம்பனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடிவந்த புதிதில் இரத்தினவேல் அவரை அன்ரி என்று கூப்பிட, அவர் முகத்தைக் கோணினார். சரி, அக்கா என்று கூப்பிட்டால் என்ன என்று அர்த்தம் சொல்லி விளங்கப்படுத்தினார் இரத்தினவேல். "எனக்குத் தம்பி இருந்ததே இல்லை" என்று சொல்லி மனுசி அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் ஸ்டெபனி அக்கா, இவர் ரத்னா. ஹொக்கி ஆட்டம் உள்ள நாட்களில் இரண்டு பேரும் ஒரே சோபாவில் இருந்து ரொறன்ரோக் குழுவைத் திட்டுவார்கள். ஸ்டெபனிக்கும் ஒரு காதுதான் கேட்கும், அவருக்கு இடது காது. ஆகவே அவர் எப்போதும் இரத்தினவேலின் வலது பக்கத்தில் இருப்பார். இரண்டு நல்ல காதும் நடுவில் சந்திக்கும். வெளிக்காதுகளுக்குக் கேட்காத வசதியில் புனிதவதி குசினியில் நின்று இரண்டு பேரையும் நன்றாகத் திட்டிக்கொள்ளுவார்.

மூன்றாம் மாடித் தியாகலிங்கத்தாரின் அந்தியேட்டிக்கு ஸ்டெபனியும் வந்திருந்தார். சோறு கறியெல்லாம் சாப்பிட்டு, கல்வெட்டையும் வாங்கிக்கொண்டு போனவர் அடுத்த நாள் நடக்க உதவும் வோக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். ஸ்டெபனி பேசியது ஆங்கிலம்தான். அதை இங்கே தமிழிலேயே சொல்லிவிடலாம்.

"புனி, இந்தப் புத்தகத்தை நீங்கள் என்ன செய்வீர்கள்? கொஞ்ச நாளில் குப்பையில் போடுவீர்களா?"

"ஐயோ, குப்பையிலயோ! சாமிப் படத்துக்குப் பக்கத்தில வைப்பம். எறியமாட்டம்."

ஸ்டெபனி கல்வெட்டை வோக்கரின் கூடைக்குள் பத்திரமாக வைத்தார். பிறகு, "என் அப்பாவுக்கு ஒன்று எழுதித் தருவாயா?" என்று கேட்டார்.

விசயம் இதுதான். ஒஷாவாவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. நவம்பர் முடிவில் போகவேண்டும். கூடப்பிறந்தவர் இல்லை, பிள்ளை இல்லை, சொந்தம் என்று சொல்ல ஒரு பூனைகூட இல்லை. அப்பாவின் குரல் எப்படி இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் தான்தான் என்றார். "நான் போனால் அவர் இருந்ததே இல்லை என்று ஆகிவிடும், புனி. எனக்கு அது மட்டும்தான் பயம். சாவுக்குப் பயமில்லை."

"எனக்குத் தமிழிலதானே எழுத வரும், அக்கா?"

"நல்லது. ஆங்கிலத்தில் எழுதினால் வாசிக்க எனக்கு ஆள் இல்லை. தமிழ் வாசிக்க இந்தக் கட்டடம் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள்."

இதற்கு யார்தான் மறுப்புச் சொல்லுவார்? புனிதவதி அந்த இடத்திலேயே சொல்லுக் கொடுத்துவிட்டார். அப்பா அறுபத்தெட்டாம் ஆண்டு ஐப்பசி மாதம் இறந்தவர் என்று அறிந்ததும் பழைய பஞ்சாங்கக் கணக்கைத் தேடிப் பிடித்துத் திதியும் பார்த்தார். தேய்பிறைத் துவாதசி. இந்த வருடம் அது ஸ்டெபனி வீடு மாறுவதற்கு முன்பே வருகிறது. ஒஷாவாவில் பிறந்த வெள்ளைக்கார மனிதருக்குத் துவாதசித் திதி. புனிதவதிக்குப் பெருமை பிடிபடவில்லை.

பின்னேரங்களில் தேத்தண்ணியும் வடையுமாக எதிர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கதை கேட்டார். ஆர்தர் பெல்லமியின் தகப்பன் குதிரை வண்டி செய்யும் பட்டறையில் வேலை செய்தவர். பையன் நடக்கப் பழகியதே குதிரைகளுக்கு நடுவில். இருபது வயதில் முதலாம் உலக யுத்தத்துக்குப் பெயர் கொடுத்தார்.

"சண்டை பிடிக்கும் ஆசையில் இல்லை, புனி. அந்தக் காலத்தில் பீரங்கியைக் குதிரைகள்தான் இழுக்கும். ஒரு பீரங்கிக்கு ஆறு குதிரை. குதிரையோடு வேலை என்றதும் ஆர்ட்டிலரியில் சேர்ந்துவிட்டார்."

புனிதவதியின் பேனா நின்றது. சொல்லை யார் எப்படி உச்சரித்தாலும் ஆட்லறி ஆட்லறிதானே. கண் தானாக வாசல் பக்கம் போனது, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்க. சாத்தித்தான் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் இரத்தினவேல் கேட்டார். "என்னவாம், கிழவற்ர கதை எப்பிடிப் போகுது?"

"பட்டாளத்தில கேணலாம், பெரிய உத்தியோகமாம். குதிரை பாத்தவராம்."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்று புனிதவதி தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டார். இரத்தினவேலுக்கோ கதை மிகவும் பிடித்துப்போயிற்று. எலிவேற்றரில் கண்ட ஆட்களிடமெல்லாம், "எங்கட ஸ்டெபனி அக்காவின்ர தகப்பன் குதிரைக் கேணலாம்" என்று சொல்லித் திரிந்தார்.

கதை வளர வளரப் புனிதவதிக்கு அந்த மனிதர்மேல் ஒரு பட்சம் வந்துவிட்டது, மறைத்து என்ன பயன். பிரான்சின் சேற்றில் குதிரைகள் வயிறு வரை புதைந்தபோது சேற்றுக்குள் படுத்து, பெஸ்ஸி என்ற பெட்டைக் குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அது சாகும்வரை கதை சொல்லிக்கொண்டிருந்தாராம். தோளில் இரும்புத் துண்டு ஏறியும் தன் பீரங்கியை விட்டுப் போகாமல் நின்றதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். அந்தப் பதக்கத்தை நாய்க்குட்டி கடித்து விளையாட விட்டாராம். யுத்தம் முடிய நில அளவையாளராக வேலை. ஆனால் வார இறுதியில் படைப் பயிற்சியை விடவில்லை. நாற்பத்து நாலு வயதில் அடுத்த யுத்தம் வந்தது, திரும்பவும் போனார். இந்த முறை குதிரை இல்லை, லொறி. பிறகு லெப்டினன்ட் கேணல், ஒரு பீரங்கிப் படைப்பிரிவுக்கே தலைவர். சிசிலி, இத்தாலி, ஒல்லாந்து.

"ஒருக்காப் போய்த் தப்பி வந்தவர் ஏன் திரும்பவும் போனவர்?" என்று புனிதவதி கேட்டார்.

"அம்மாவும் அதைத்தான் கேட்டார். கணக்குத் தெரிந்தவன் போகாவிட்டால் கணக்குத் தெரியாதவன் போவான், ஷெல் எங்கள் பிள்ளைகளின் தலையிலேயே விழும் என்றார் அப்பா."

அவர் போகும்போது ஸ்டெபனிக்கு ஏழு வயது, திரும்பி வரும்போது பதின்மூன்று. யூனியன் ரயில் ஸ்டேசனில் கூட்டத்துக்குள் ஒரு நரைத்த மனிதர் அவருக்கு முன்னால் வந்து தொப்பியைக் கழற்றி, "நீங்கள்தானா ஸ்டெபனி?" என்று மரியாதையாகக் கேட்டாராம். "யெஸ், சேர்" என்று சொன்னாராம் பிள்ளை. பெற்ற மகள் சேர் என்று கூப்பிட்டதும் மனிதர் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு நடுவழியில் அழுகையாகிவிட்டதாம். சொல்லும்போது ஸ்டெபனியும் அழுதார், புனிதவதியும் அழுதார். வடை ஆறிப்போனது.

எழுதி முடித்த பிரதியைப் புனிதவதி அச்சகக்கார வினோதனிடம் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். "தம்பி, இதின்ர புறூவை நானே கடையில வந்து பாக்கிறன். அண்ணைக்கு அனுப்பிப்போடாதை, கண்டியோ."

"ஓமக்கா, ஓமக்கா" என்றான் வினோதன். அவனுடைய ஓமுக்கு எவ்வளவு பெறுமதி என்று ஸ்காபரோவில் கலியாண அட்டை அடித்த எல்லோருக்கும் தெரியும். அடுத்த கிழமை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "அண்ணை, வெள்ளைக்காரரின்ர புறூவ் ரெடி" என்று சொல்லிவிட்டான். இரத்தினவேல் பஸ் பிடித்துப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

புனிதவதி கடைக்குப் போய்த் திரும்பியபோது மேசை துடைத்திருந்தது, சிவப்புப் பேனா திறந்திருந்தது. மூக்குக் கண்ணாடிக்கு மேலால் இரத்தினவேல் பார்த்தார்.

"இஞ்சேரும், எனக்குத் தராமல் ஒளிச்சு அடிக்கப் பாத்தனீர் என்ன? வாரும், இரும்." வாசிக்கத் தொடங்கினார். "ஒஷாவா மாநகரைப் பிறப்பிடமாகவும், பிரான்ஸ், இத்தாலிப் போர்முனைகளை வதிவிடமாகவும் கொண்ட… அட, நல்லா இருக்கே!" கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "முதலாம் உலகப் போரிலே பீரங்கிப் படையின் லெப்டினன்டாகவும், இரண்டாம் உலகப் போரிலே பீரங்கிப் படைப்பிரிவொன்றின் தலைவராகவும்…"

குரல் இறங்கியது.

"பீரங்கிப் படையெண்டால் ஆட்லறி."

"ஓம்."

"குதிரையெண்டு சொன்னனீர்."

"குதிரையும்தானப்பா. குதிரைதானே இழுத்தது."

புறூவைப் பாதியில் விடும் பழக்கம் அவருக்கு இல்லை. வாசித்துக்கொண்டே போனார், ஒரு புள்ளி, ஒரு காற்புள்ளி பிசகாமல். கடைசிப் பந்திக்கு வந்தார். "வந்தாரை இன்முகத்தோடு வரவேற்றவர். எறும்புக்கும் தீங்கு நினையாத உத்தமர்." அந்த வசனத்தை இரண்டாம் தரமும் வாசித்தார்.

"ரெண்டு உலக யுத்தத்திலயும் ஷெல் அடிச்ச மனுசன், புனிதம். எறும்பு மட்டும் தப்பிச்சுதாமோ?"

"எல்லாருக்கும் போடுற வசனம்தானேயப்பா. கை பழக்கத்தில…"

"அப்ப எங்கட மலர் என்ன? எறும்பிலும் சின்னதோ?"

இரத்தினவேல் பேனாவை மூடினார், கதிரையைத் திருப்பிப் போட்டு இடது காதை அவர் பக்கம் வைத்துக்கொண்டு இருந்தார். அவருடைய கோபம் அப்படித்தான். கத்தமாட்டார், செவிட்டுக் காதைத் தருவார். அந்தக் காதுக்கு யார் என்ன சொல்ல முடியும்?

அந்தக் கிழமை ஹொக்கி ஆட்டம் இரண்டு இருந்தன. அவர் எதிர் வீட்டுக்குப் போகவில்லை, ஸ்டெபனியைக் கூப்பிடவும் இல்லை. சோபாவின் வலது பக்கத்தில் தலையணையை வைத்துவிட்டுத் தனியாக இருந்து பார்த்தார். ரொறன்ரோ தோற்றது, திட்டவும் இல்லை. புனிதவதிக்கு ஒரு பக்கம் இந்த மனிதர், மறுபக்கம் கொடுத்த சொல்லு. ஒஷாவாவுக்குச் சாமான் ஏற்றும் வண்டிக்கு நாள் குறித்தாகிவிட்டது, திதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. புறூவோ மேசையில் அப்படியே கிடந்தது. இரத்தினவேல் கைவைக்காத கல்வெட்டு ஒன்றை அச்சுக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

"ரத்னா ஏன் வருவதில்லை?" என்று ஸ்டெபனி கேட்டபோது புனிதவதியால் இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ஷெல், காது, மலர், எறும்பு என்று ஒன்றும் விடாமல் சொல்லிவிட்டார்.

ஸ்டெபனி நல்ல காதைச் சாய்த்துக் கேட்டார். "தங்கையின் பெயரைத் திரும்பச் சொல்லு."

"யோகமலர்."

ஸ்டெபனி சொல்லிப் பார்த்தார், பிழைத்தது. சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு வோக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்குள் வந்தவர் நேரே சோபாவுக்குப் போய்த் தலையணையை எடுத்துப் போட்டுவிட்டு, இரத்தினவேலின் வலது பக்கத்தில் தன் இடத்தில் இருந்தார். இரத்தினவேல் நெளிந்தார். பெண்சாதிக்குச் செவிட்டுக் காதைக் கொடுக்கலாம், வீட்டுக்கு வந்த தொண்ணூற்றிரண்டு வயது மனுசிக்குக் கொடுக்கலாமா?

"ரத்னா, அப்பா எனக்கு யுத்தக் கதை என்று ஒன்றுதான் சொன்னார், அதுவும் ஒரு தடவைதான். புனிக்குக்கூட நான் இதைச் சொல்லவில்லை" என்று தொடங்கினார். "இத்தாலியில் ஒரு மலைக் கிராமம். உள்ளே எதிரிப் படை இருக்கிறது என்று செய்தி வந்தது. அப்பா கணக்குப் போட்டுக் கொடுத்தார், அவருடைய பீரங்கிகள் அடித்தன. எதிரிப் படை முதல் நாளே வெளியேறிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. பீரங்கிக்காரர்கள் அடித்த இடத்தைப் பார்ப்பதில்லை. தூரத்தில் நிற்பார்கள். அப்பா அந்த ஒரு தடவை நடந்து போனார்."

இரத்தினவேல் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"இடிந்த வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். அவருடைய உடுப்பைப் பார்த்தாள், இவர்தான் என்று விளங்கிவிட்டது. கத்தவில்லை, துப்பவில்லை. ஒரு வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்துக் கிணற்றைக் காட்டினாள். இறந்தவர்களைக் கழுவத் தண்ணீர் வேண்டும். அப்பா பொழுதுபடும்வரை தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். கேணல் உடுப்போடு."

இரத்தினவேல் கேட்டார். "அதுக்குப் பிறகும் அடிச்சவரோ?"

"அடித்தார். யுத்தம் முடியும்வரை அடித்தார். நான் உனக்குப் பொய் சொல்லமாட்டேன்."

இரத்தினவேல் தலையை ஆட்டினார். தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார், ஆங்கிலமும் தமிழுமாகக் கலந்து. "எங்கட வளவுக்கு ஒருத்தரும் வரேல்லை அக்கா. ஆர் அடிச்சதெண்டே தெரியாது. மலரைக் கழுவத் தண்ணி அள்ளினது நான்தான். அப்ப எனக்கு ரெண்டு காதும் அடைச்சுப்போச்சு. கிணத்துக் கப்பி சுத்துது, சத்தமில்லை. அம்மா வாயைத் திறந்து அழுறா, சத்தமில்லை."

ஸ்டெபனி அவருடைய கையின் மேல் தன் கையை வைத்தார். "நான் வந்திருக்கிறேன், ரத்னா. மிகவும் பிந்தித்தான் வந்திருக்கிறேன்."

குசினி வாசலில் நின்ற புனிதவதி பாத்திரம் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் வெட்டிய கை, அது வேறு எரிந்தது. ஸ்டெபனி திரும்பிப் பார்த்தார்.

"புனி, அந்த எறும்பை எடுத்துவிடு. வாளியைப் போடு."

"கல்வெட்டில அப்பிடி எழுதுறேல்லை அக்கா" என்று பதறினார் புனிதவதி. "போன மனுசரின்ர குறையை ஆரும் அச்சடிப்பினமோ? சனம் என்ன சொல்லும்?"

"சனம் என்ன சொல்லும்?" என்றார் இரத்தினவேல். "உம்மட கல்வெட்டை முதல்தரம் கடைசிவரைக்கும் வாசிக்கும். அந்தச் சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு வாரும்."

கண்ணீரோடு நின்ற புனிதவதிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது, அந்தக் கோபமே பெரிய ஆறுதலாகவும் இருந்தது. மனிதர் பேசிவிட்டாரே. மூன்று பேரும் மேசையில் இருந்து அந்தப் பந்தியைப் புதிதாக எழுதினார்கள். புனிதவதி தமிழில் சொல்லுவார், இரத்தினவேல் ஆங்கிலத்தில் ஸ்டெபனிக்குச் சொல்லுவார், ஸ்டெபனி தலையாட்டினால்தான் அடுத்த வரி. "தன் படை சுட்ட ஊருக்குத் தானே நடந்து போனவர். அங்கே ஒரு தாய் கொடுத்த வாளியை மறுக்காமல் வாங்கியவர்." அதற்கு மேல் அலங்காரம் ஒன்றும் வேண்டாம் என்றார் இரத்தினவேல். திருத்திய புறூவை வினோதனிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கடையில் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, "வினோதன் தேத்தண்ணி தந்தவன்" என்றார்.

திதி அன்று கட்டடத்தின் கீழ் மாடி மண்டபத்தை மரியோ திறந்துவிட்டான். கட்டடப் பராமரிப்பு அவன் பொறுப்பு. பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை, பாயாசம் என்று புனிதவதி ஒரு குறையும் வைக்கவில்லை. மேசையில் சீருடையோடு கேணலின் படம், சந்தனப் பொட்டோடும் மாலையோடும். படத்துக்கு முன்னால் படைத்த வாழையிலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிளாஸில் ரம் இருந்தது. அதை வைத்தது இரத்தினவேல். புனிதவதி முறைத்தபோது, "அவருக்குப் பிடிச்சதாம், அக்கா சொன்னவ" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். எல்லா மாடிகளிலிருந்தும் சனம் வந்திருந்தது. புத்தகத்தைக் கையில் வாங்கியவர்கள் வழக்கம்போல மடித்துக் கைப்பைக்குள் வைக்கவில்லை, நின்ற நிலையில் வாசித்தார்கள். மரியோவும் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மரியாதையாக நின்றான்.

ஸ்டெபனி கதிரையில் இருந்து ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தார். ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் தன் பெயர் எங்கே வரும் என்று புனிதவதியிடம் முதலே கேட்டு வைத்திருந்தார். கடைசிப் பக்கம், வம்சாவளி. அப்பாவின் பெயருக்குக் கீழே ஒரே ஒரு கோடு, அதன் முடிவில் ஸ்டெபனி. அவ்வளவுதான் இருக்கும் என்று புனிதவதி சொல்லியிருந்தார்.

"புனி, என் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் ஏதோ இருக்கிறதே. இது என்ன?"

புனிதவதி குனிந்து பார்த்தார். அவர் எழுதாத ஒரு வரி அங்கே இருந்தது.

"பெறாமக்கள்: இரத்தினவேல் (கனடா), காலஞ்சென்ற யோகமலர்."

புனிதவதி நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். அவர் பாயாசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

"என்ன பாக்கிறீர்? இவ எனக்கு அக்காவெண்டால் இவவின்ர தகப்பன் எனக்குப் பெரியப்பாதானே. அப்ப மலருக்கும் பெரியப்பாதானே. முறை பிழையே?"

"முறை பிழையில்லை" என்றார் புனிதவதி.

"மலருக்கு ரெண்டு வரி வராதெண்டு சொன்னனான்." இரத்தினவேல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஒரு வரி காணும்."

புனிதவதி ஸ்டெபனியின் நல்ல காதுப் பக்கம் குந்தியிருந்து அந்த வரியை வாசித்து விளங்கப்படுத்தினார். எங்கள் வழக்கத்தில் கூடப்பிறந்தவரின் பிள்ளையும் பிள்ளைதான், அக்கா. அதற்குத்தான் இந்தச் சொல். உங்கள் அப்பாவுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். ஸ்டெபனி அந்த வரியின் கீழே விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். "யோகமலர்" என்று வாசித்தார், எழுத்துத் தெரியாமலே, பிழையில்லாமல்.

பிறகு இரத்தினவேலை நிமிர்ந்து பார்த்தார். "இதை ஒருவரும் எறியமாட்டார்கள்தானே, ரத்னா?"

இரத்தினவேல் கதிரையை இழுத்து, வலது காது அவர் பக்கம் வரும்படி போட்டுக்கொண்டு இருந்தார்.

"எறியமாட்டம், அக்கா" என்றார்.